பொங்கியண்ணன் தோட்டத்து லைட்ஹவுஸ்

வெல்டர் அழகுமலை செய்து நிறுத்திய லைட்ஹவுஸ் பதினெட்டு நாள்தான் நின்றது. பத்தொன்பதாம் நாள், ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, மேற்கேயிருந்து வந்த காற்றில் அது சாய்ந்தது. சாய்ந்த இடத்திலேயே கிடந்திருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அது உருளையாகச் செய்த பொருள். பொங்கியண்ணன் வீட்டுப் புல்தரையோ வாசலைப் பார்த்துச் சரிவாக இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த பன்னிரண்டு அடித் தகரக் குழாய் தடதடவென்று உருண்டு, லாரி நுழைகிற அகலத்துக்குத் திறந்து கிடந்த கேட்டைத் தாண்டி, பல்லடம் ரோட்டில் குறுக்கே போய்ப் படுத்துக்கொண்டது. டவுன் பஸ் ஒன்று பிரேக் போட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. டிரைவர் இறங்கி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, ராக்கெட்டுங்களா?" என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அனுப்பர்பாளையம் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அங்கேதான் அழகுமலையின் வெல்டிங் பட்டறை. பனியன் கம்பெனிகளுக்குச் செக்கிங் டேபிள், வீடுகளுக்குக் கேட், கிரில் என்று பத்து வருஷமாக ஓடிய பட்டறை. புதன்கிழமையிலிருந்து அதற்கு 'ராக்கெட் பட்டறை' என்று பெயர் வந்துவிட்டது. கேட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒருத்தர், "கேட்டு உருளாதுங்களே?" என்று கேட்டுச் சிரித்தார். நல்ல மனுஷன், விளையாட்டுக்குத்தான் கேட்டார். அழகுமலை சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான்.

அவன் மனைவி சின்னத்தாய்க்கு அப்போது முப்பத்தெட்டு வயது. விளாத்திகுளம் பக்கத்துக்காரி. பதினோரு வருஷமாக ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங். ஒரு டீ சர்ட்டை அவள் கையில் கொடுத்தால் கழுத்தில் ஆரம்பித்து விளிம்பு வரைக்கும் எட்டு எண்ணுவதற்குள் பார்த்து முடிப்பாள். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதுவும் அவள் கண்ணைத் தாண்டிப் போனதில்லை. குற்றம் இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டி, திருத்தித் தைக்க அனுப்பும் 'ஆல்ட்டர்' பெட்டியில் போடுவாள். புருஷன் முகத்திலும் அப்படி ஒன்று ஒட்ட முடிந்தால் தேவலை என்று அந்த வாரம் பூராவும் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில், கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்த கையோடு அழகுமலை சொன்னான்.

"மாசக் கடைசியோட பட்டறையக் காலி பண்றேன். உசிலம்பட்டிக்கே போயிருவம். அக்கா மாப்பிள்ள ஷேர் ஆட்டோ வாங்கி நிப்பாட்டிருக்காரு. வந்து ஓட்டுங்கிறாரு."

"போயி ஓட்டுங்க," என்றாள் சின்னத்தாய். "நானும் பிள்ளையும் இங்கிட்டுத்தான் இருப்போம்."

"என்னத்தா பேசுற?"

"சித்ராதேவி பன்னெண்டாவது படிக்கா. எனக்கு வேல இருக்கு. ஒரு தகர டப்பா உருண்டதுக்குக் குடும்பமே உருளணுமா?"

அவன் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனான். மகள் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மகள் வழியாகத்தான் கேட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சின்னத்தாய் பல்லடம் பஸ் ஏறினாள்.

பொங்கியண்ணன் கவுண்டர் ஒரு காலத்தில் பருத்தி விவசாயம் பார்த்தவர். இப்போது நூற்றைம்பது மெஷின் ஓடுகிற கம்பெனிக்கு முதலாளி. வீடு மட்டும் பழைய தோட்டத்திலேயே இருந்தது. கட்டுத்தறியில் இரண்டு மாடு, ஒரு பக்கம் சோளத் தட்டு, முன்னால் மட்டும் வெளிநாட்டுப் பாணியில் வெட்டிய புல்தரை. அவர் மனைவி தெய்வாத்தாள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, மூலனூரில் இருந்து அண்ணன் கொடுத்தனுப்பிய முருங்கைக்காய் மூட்டையைப் பிரித்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க கண்ணு. ஆருங்க?"

"அழகுமலை சம்சாரம்மா. அந்த லைட்ஹவுஸ்…"

"அட சாமி! உக்காருங்க. மொதல்ல மோரு குடிங்க. வெய்யல்ல வந்திருக்கறீங்க." மோர்ச் சொம்பைக் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்கூட்டுக்காரரு எப்பிடி இருக்கறாருங்க?"

"படுத்தே கெடக்காரும்மா. ஊருக்குப் போறேங்காரு."

"இங்கயும் அதே கததானுங்க. எங்கூட்டுக்காரரு மூணு கண்ணாலத்துக்குப் போகுல. எங்க போனாலும் லைட்ஹவுசு சௌக்கியமுங்களான்னு கேக்கறாங்களாமா. ஒறம்பரை சனம் வந்தாக்கூட உள்ளயே உக்காந்துக்கறாரு."

விழுந்த சாமான் கட்டுத்தறிக்குப் பின்னால் கிடந்தது. சின்னத்தாய் போய்ப் பார்த்தாள். மேலிருந்து ஆரம்பித்தாள். கம்பெனியில் பார்க்கிற அதே கண்தான். உச்சி வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அடியில் தேங்கி, பதினெட்டே நாளில் துரு பிடித்திருந்தது. தகடு கையால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு மெல்லிசு. மேலே எவ்வளவு அகலமோ கீழேயும் அவ்வளவுதான் அகலம். புல்தரையில் போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்த குழி ஒரு சாண் ஆழம்கூட இல்லை. ஓலைப்பை அடியில் துழாவி ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். குற்றம் கண்ட இடத்திலெல்லாம் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

பொங்கியண்ணன் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, பனியன், நாலு நாள் தாடி.

"செக்கிங் பண்றேன் முதலாளி."

அவர் குனிந்து ஸ்டிக்கர்களை எண்ணினார். பதினொன்று. ஒவ்வொரு அம்புக்குறியும் காட்டிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த அம்புக்குறி அவர் பிழைப்போடு கலந்தது. யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி ஸ்டிக்கருக்கு வந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். தாழ்வாரத்தில் இருந்து தெய்வாத்தாள் ஓடி வந்தாள்.

"இந்தம்மா எம்பட லைட்ஹவுசை ரிஜெக்ட் பண்ணீட்டாங்க, பாரு!"

"ரிஜெக்ட் இல்ல முதலாளி. ஆல்ட்டர்தான்," என்றாள் சின்னத்தாய். "குத்தம் என்னன்னு தெரிஞ்சிருச்சு. திருப்பிச் செஞ்சு தாறோம். ஆடிக் காத்துக்கு நின்னா கூலி குடுங்க. இல்லாட்டி வேணாம்."

பொங்கியண்ணனின் சிரிப்பு அடங்கியது. "போச்சாதுங்க, உட்ருங்க. கடலே இல்லாத ஊருல இது எதுக்குன்னு எல்லாருமே கேக்கறாங்க."

"எதுக்கு முதலாளி?" சின்னத்தாய் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். "மூணு வருசத்துக்கு முந்தி டென்மார்க் போனனுங்க. நம்ம சரக்கு வாங்கற பையரு ஊட்லயே தங்க வெச்சாரு. அங்க சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டீருது. சித்த நடந்துட்டு வர்றன்னு போனவன் வழி தப்பீட்டன். எல்லா ஊடும் ஒரே மாதர. பனி கொட்டுது. பாசை தெரியாது, போனுல சார்ஜ் இல்ல. கையெல்லாம் வெறச்சுப் போச்சு. அப்பப் பாத்தா, தூரத்துல ஒரு வெளக்கு. பையரோட அப்பாரு, எம்பது வயசுப் பெரியவரு, அவரே செஞ்சு வாசல்ல நட்டு வெச்ச லைட்ஹவுசு. பகல்ல அதப் பாத்து மனசுக்குள்ள சிரிச்சவன் நானு. அதப் பாத்துத்தான் ஊடு வந்து சேந்தன்."

கட்டுத்தறியில் மாடு சோளத் தட்டை மென்றுகொண்டிருந்தது.

"இத எங்கிட்டக்கூடச் சொல்லுலீங்களே," என்றாள் தெய்வாத்தாள். "போனுல கேட்டதுக்கு, குளுரு நெம்ப இருக்குதுன்னு மட்டுந்தான சொன்னீங்க?"

"சொன்னா நீ பயந்துக்குவீன்னுதான்."

தெய்வாத்தாள் சின்னத்தாய் பக்கம் திரும்பினாள். "மறுக்கா செய்ங்க கண்ணு. இன்னிக்கே ஆரம்பிங்க."

அன்று மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் சாப்பிடாமல் அவளை விடவில்லை. வீட்டுக்கு வந்தபோது பையில் பத்து முருங்கைக்காய் இருந்தது.

விஷயம் தெரிந்ததும் அழகுமலை குதித்தான். பேசாத மூன்று நாளுக்கும் சேர்த்துப் பேசினான்.

"யாரக் கேட்டுப் போன? ஊரு சிரிச்சது பத்தாதுன்னு பொண்டாட்டி வேற போயிக் கெஞ்சணுமா?"

"கெஞ்சல. ஸ்டிக்கர் ஒட்டிட்டு வந்தேன்."

"என் வேலையில நீ குத்தம் கண்டுபிடிப்பியா?"

"பதினோரு வருசமா அதுக்குத்தான சம்பளம் குடுக்காக. சட்டையில ஓட்ட இருந்தா தச்சவன யாரும் ஊரவிட்டுப் போகச் சொல்றதில்ல. திருப்பித் தச்சுக் குடுப்பான், பெட்டியில போட்டுக் கப்பல்ல அனுப்புவோம். அம்புட்டுத்தான்."

"அப்ப நீயே செய்யி," என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சரி என்று அவளே ஆரம்பித்தாள். சாயங்காலம் வேலை விட்டு வந்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை, உள்பாவாடை தைக்கிறவள் அவள். கம்பெனியில் கழித்துப் போட்ட வேஸ்ட் துணி மூட்டையைப் பிரித்துத் தரையில் விரித்தாள். மேலே குறுகி, கீழே அகன்று, எந்தப் பக்கமும் சுருக்கம் விழாமல் ஒரு பொருள் நிற்க வேண்டும் என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான்: எட்டுத் துண்டுப் பாவாடை. ஒவ்வொரு துண்டும் அடியில் இருபது இஞ்சு, உச்சியில் ஏழரை. வெட்டினாள், தைத்தாள். உச்சிப் பக்கத்தில் துணி காயப்போடும் கிளிப் வளையம் ஒன்றையும், அடிப் பக்கத்தில் வளைத்த மூங்கில் சிம்பையும் கோத்து, ஃபேன் கொக்கியில் தொங்கவிட்டாள். வீட்டு நடுவில் ஆளை விட உயரமாக, எட்டுப் பட்டையோடு, பூப்போட்ட பனியன் துணியில் ஒரு லைட்ஹவுஸ் தொங்கியது.

அழகுமலை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். "யாருக்கு இது, யானைக்கா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். சுற்றி வந்தான். அடிப் பக்கத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். அப்புறம் அவள் வெட்டி வைத்திருந்த காகித அளவை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தான்.

"ரெண்டு ஓரத்துலயும் இது என்ன, ஒவ்வொரு இஞ்சு கூட விட்டுருக்க?"

"தையலுக்கு."

அவன் சிரித்தே விட்டான். எத்தனை நாளைக்குப் பிறகு! "அடி கிறுக்கி, தகட்டுக்கு எதுக்குடி தையலு? ஓரத்தோட ஓரம் வச்சு வெல்டு…" சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். காகிதத்தின் அந்த ஒரு இஞ்சு ஓரத்தை மடித்தான். இன்னொரு காகிதத்தின் ஓரத்தையும் மடித்து இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டிப் பிடித்தான். மெல்லிய காகிதம் கம்பு மாதிரி விறைப்பாக நின்றது.

"உள்பக்கமா மடிச்சு, மடிப்போட மடிப்பு போல்ட் போட்டா…" அவன் குரல் மாறியிருந்தது. "எட்டு மூலையிலயும் எட்டுத் தூணு வந்துரும்டி. வெல்டு சூட்டுல தகடு நெளியவும் நெளியாது."

"அதத்தான சொன்னேன்," என்றாள் சின்னத்தாய். அவள் அதைச் சொல்லவே இல்லை. இருந்தாலும் சொல்லி வைத்தாள்.

அடுத்த இரண்டு வாரம் ராக்கெட் பட்டறையில் வேலை நடந்தது. முன்னதைவிட இரண்டு மடங்கு கனமான தகடு வாங்கினார்கள். மடிப்பு வளைக்கிற மெஷினில் கொடுத்து வளைத்தார்கள். அடியில் தண்ணீர் போக எட்டு ஓட்டை. உச்சியில், மழை உள்ளே வராமல் காற்று மட்டும் போகிற மாதிரி, கூரைக்கு அடியில் இடைவெளி. துரு பிடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் ரெட் ஆக்சைடு அடித்து வெயிலில் காயவைத்தார்கள். விளக்குக்கு மேலே கவிழ்க்கத் தொப்பி வேண்டும். அதற்கு இரண்டு தெரு தள்ளிப் பாத்திரக் கடை வைத்திருந்த ஞானாம்பாளிடம் போனார்கள். எவர்சில்வர் அண்டா மூடி ஒன்றைக் கேட்டார்கள்.

"மூடி மட்டுங்களா? அண்டா வேண்டாமுங்களா?" என்றாள் ஞானாம்பாள்.

"லைட்ஹவுசுக்கு," என்று மெதுவாகச் சொன்னான் அழகுமலை. கிண்டல் வரும் என்று காத்திருந்தான்.

ஞானாம்பாள் எழுந்து உள்ளே போய், கைப்பிடி வைக்காத, நடுவில் நன்றாகக் குமிழ்ந்த மூடி ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுத்து வந்தாள். "இதுல தண்ணி நிக்காது, வழிஞ்சு போயிரும். சுத்தியும் விளிம்பு இருக்குது, காத்து தூக்காது. நல்லாப் பாத்துச் செய்ங்க சாமி. நம்ம அனுப்பர்பாளையத்துப் பேரு இருக்குதில்ல?"

துண்டுகளைக் கோக்கிற நாள் வந்தது. போல்ட்டெல்லாம் உள்பக்கம். மேல் பாதியைப் படுக்க வைத்தே முடுக்கிவிட்டார்கள். கீழ்ப் பாதிக்கு யாராவது உள்ளே நுழைந்தாக வேண்டும். அடியில் வைத்திருந்த சின்னக் கதவு வழியாக அழகுமலையின் தோள் நுழையவில்லை. சின்னத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பேனரோடு உள்ளே போனாள். ரெட் ஆக்சைடு வாசமும் வேக்காடும். எட்டு ஓட்டை வழியாக வெளிச்சம் காசு காசாக அவள் காலடியில் விழுந்தது. வெளியே அவன் தகடுகளை நெருக்கிப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு போல்ட்டாக அவள் முடுக்கினாள்.

"புள்ள," என்று வெளியேயிருந்து குரல் வந்தது.

"ம்?"

"அந்தப் பஸ்ஸுல ஒரு கைப்பிள்ளகூடச் சிரிச்சுச்சு. நான் அன்னைக்கு அங்கதான் நின்னேன். முதலாளி வீட்டுல கேட்டைச் சரிபண்ணப் போயிருந்தேன். உன்கிட்டச் சொல்லல."

ஸ்பேனர் நின்றது. அவன் நேரில் பார்த்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

"அதத் தூக்கி ஓரமாப் போட நாலு பேரு வந்தாக. அஞ்சாவது ஆளா நானும் போயிப் பிடிச்சேன். யாரு செஞ்சான்னு ஒருத்தன் கேட்டான். தெரியலைன்னு சொல்லிட்டேன் புள்ள. அதுதான் எனக்குத் தாங்கல. விழுந்ததுகூடப் பெருசில்ல."

தகடு சூடாக இருந்தது. சின்னத்தாய் உள்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். வெளியே அவன் எந்த இடத்தில் பிடித்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது.

"இப்பக் கேட்டா என்ன சொல்லுவீக?" என்றாள்.

"எம் பொண்டாட்டின்னு சொல்லுவேன்," என்றான்.

"பிடிச்சுக்கங்க நல்லா. இன்னும் இருபத்திரண்டு போல்ட்டு இருக்கு."

ஆனிக் கடைசி வாரம் புல்தரையில் மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு லைட்ஹவுஸை நிறுத்திப் பதினாறு போல்ட் முடுக்கினார்கள். மறுபடியும் சிவப்பு, வெள்ளைப் பட்டை. தொப்பிக்குக் கீழே சுற்றுக் கம்பி வைத்த பால்கனி. உடையாத பிளாஸ்டிக் கண்ணாடிக்குள் விளக்கு. பொங்கியண்ணன் சுவிட்சைப் போட்டுவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் தாடி எடுத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார் என்று கேள்விப்பட்டார்கள்.

ஆடி இரண்டாவது வாரம் காற்று வந்தது. மூன்று நாள் விடாமல் வீசியது. கம்பெனி ஜன்னலெல்லாம் அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் மண். அந்த மூன்று நாளும் அழகுமலை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு அவன் செல்போன் அடித்தது. பொங்கியண்ணன்.

"ரெண்டு பேரும் ஒடனே பொறப்பட்டு வாங்க," என்றார். குரலில் கோபம். வைத்துவிட்டார்.

டி.வி.எஸ். ஐம்பதில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். எதிர்க்காற்றில் வண்டி நகர மாட்டேன் என்றது. வழியில் ஒரு கம்பெனியின் போர்டு கீழே கிடந்தது. வாழைத் தோட்டம் ஒன்று ஒட்டுமொத்தமாகப் படுத்திருந்தது. சின்னத்தாய் அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தூசிக்கு மட்டுமல்ல.

வளைவு திரும்பியதும் முதலில் சிவப்பு தெரிந்தது. அப்புறம் வெள்ளை. நேராக நின்றது.

"நிக்குது," என்றாள். அதற்குள் அழகுமலை வண்டியை நிறுத்திவிட்டான். ஏனென்றால் லைட்ஹவுஸின் பால்கனியில் இருந்து ஏதோ ஒன்று படபடவென்று பறந்துகொண்டிருந்தது.

கிட்டே போனதும் தெரிந்தது. ஏணி போட்டு ஏறிப் பால்கனிக் கம்பியில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தென்னை மரத்தில் கட்டியிருந்தாள் தெய்வாத்தாள். கயிறு முழுக்க ஈரத் துணி. சேலைகள், போர்வை, பொங்கியண்ணனின் எட்டு முழ வேட்டிகள் நாலு, காற்றை வாங்கிக் கப்பல் பாய் மாதிரி உப்பிக்கொண்டிருந்தன. தென்னை மரம் ஆடியது. கயிறு விம்மியது. லைட்ஹவுஸ் ஒரு நூல்கூட அசையவில்லை.

"இதுக்குத்தானுங்க கூப்புட்டன்!" என்று வாசலுக்கே வந்துவிட்டார் பொங்கியண்ணன். "நாஞ் சொன்னாக் கேக்கறதில்ல. செஞ்சவங்க நீங்களாச்சும் சொல்லுங்க இவளுக்கு! இது துணி காயப்போடற சாமானுங்களா?"

"பின்ன என்னங்க பண்றது?" தெய்வாத்தாள் வாயில் கிளிப்போடு பேசினாள். "ஊட்டுக்குப் பின்னால கட்டுன கொடி கல்தூணோட சாஞ்சு போச்சுங்க. இந்தத் தோட்டத்துலயே ஆடாம நிக்கறது இது ஒண்ணுதான். வேற எதுல கட்டறது?"

சின்னத்தாய் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு பாடுபட்டுச் செய்தது. பட்டையெல்லாம் அவனே கையால் அடித்தது. அவன் லைட்ஹவுஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தான். அப்புறம் தென்னையில் கயிறு கட்டிய இடத்துக்கு எக்கி, முடிச்சை அவிழ்த்து, காலை அடியில் முட்டுக் கொடுத்து, கயிறு 'டிங்'கென்று ஒலிக்கிற அளவுக்கு இழுத்துக் கட்டினான்.

"இன்னொரு கயிறுகூடக் கட்டலாங்கம்மா," என்றான். "தாங்கும்."

பொங்கியண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். தெய்வாத்தாள் சிரித்த சிரிப்பில் கிளிப் கீழே விழுந்தது. அழகுமலை வாளியில் மிச்சம் கிடந்த ஈரப் போர்வையை எடுத்து, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையைச் சின்னத்தாயிடம் நீட்டினான்.